நேராக நின்ற சாய்ந்த கோபுரம்

லிஃப்ட்காரருக்குக் கோணல் என்றாலே ஆகாது. வேலையில் இருந்த காலம் முழுக்க, லிஃப்ட் ஓடும் இரும்புத் தண்டவாளங்களைத் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து நிமிர்த்தியவர். ஓய்வு பெற்றபின் மனைவியும் போய்ச் சேர்ந்தார். சமைப்பது, துவைப்பது, வேளைக்கு மாத்திரை போட்டுக்கொள்வது எதிலும் குறை வைக்கவில்லை. பேச்சுத் துணைதான் இல்லை. கடையில் பால் கேட்டால் குரல் கரகரவென்று வரும். பேசாத தொண்டை அப்படித்தான் ஆகும். வெந்நீர் கொப்பளித்தால் சரியாகிவிடாது.

முன்னறையில் அவர் கட்டியது பைசா நகரத்துச் சாய்ந்த கோபுரம். ஒட்டுப்பலகை வளையங்கள், வழவழவென்று இழைத்த மரக்குச்சித் தூண்கள், நெஞ்சளவு உயரம். எல்லாம் அச்சு அசல். ஒரே ஒரு கோளாறு, கோபுரம் சாயவில்லை. அடுக்கு ஏற்றும்போதெல்லாம் சாய்க்கத்தான் நினைத்தார். கை தன்பாட்டுக்குத் தூக்குக்குண்டை எடுத்துவிட்டது.

எப்போதாவது எட்டிப் பார்க்கும் மனைவியின் தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அத்தான், இது சாயுறதனாலதான் அதுக்குப் பேரே. நீங்க வைத்தியம் பாத்து அனுப்பிட்டீங்களே!"

தெருமுனை நூலகத்தில் சிறுவர் பகுதிக்கு ஒரு மாதிரிக் கட்டடம் தேவைப்பட்டது. பக்கத்திலேயே நாற்காலி போட்டுத் தருவதாகவும், வருகிறவர்களுக்கு அவரே விளக்கலாம் என்றும் நூலகர் அம்மாள் சொல்லியிருந்தார். அந்த நாற்காலிக்காகவே லிஃப்ட்காரர் சட்டைக்கு இஸ்திரி போட்டார்.

கோபுரத்தைத் தள்ளுவண்டியில் நிறுத்திக் கட்டி, தெருவோடு தள்ளிக்கொண்டு போனார். வழியெல்லாம் ஆட்கள் மறித்தார்கள். புகைபோக்கியா என்றார் தையல்காரர். கல்யாணக் கேக்கா என்று ஒரு பெண் கேட்டாள். ஒவ்வொருவருக்கும் நின்று விளக்கம் சொன்னார். சாய்ந்த கோபுரம் ஏன் சாயவில்லை என்று அவர்கள் மடக்க, இவர் தண்டவாளக் கதையை எடுத்துவிட, ஐந்து நிமிட நடைக்கு பாதிக் காலைப்பொழுது போயிற்று. தொண்டையும் திறந்துகொண்டது.

நூலகர் அம்மாள் கோபுரத்தைச் சுற்றி வந்து பார்த்தார். வேலைப்பாட்டை மெச்சினார். பிறகு தயங்கியபடி சொன்னார்.

"ஐயா, பிள்ளைங்களுக்கு அடையாளம் தெரியாதே. கொஞ்சம் சாய்ச்சுக் குடுத்தீங்கன்னா வச்சுக்கலாம். இப்படியேன்னா கஷ்டம்."

லிஃப்ட்காரர் நிமிர்ந்த தூண்களை ஒருமுறை தடவிப் பார்த்தார். ஆனாலும் நாற்காலி கண்ணெதிரே இருந்தது. வீட்டுக்குத் திருப்பிக்கொண்டு போய், கோபுரத்தைப் படுக்க வைத்து, அடிப்பாகத்தைச் சரிவாக ரம்பத்தால் அறுத்தார். அறுத்தபோது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். வெட்டு பிசகவில்லை.

இப்போது கோபுரம் நூலகத்தில் அழகாகச் சாய்ந்து நிற்கிறது. பக்கத்தில் லிஃப்ட்காரர், இஸ்திரி போட்ட சட்டையுடன். பிள்ளைகள் வருகிறார்கள். "சாயுற கோபுரம்டா!" என்று ஒருவன் சொல்கிறான், மற்றவன் "தெரியும்" என்கிறான், இருவரும் படக்கதை அலமாரிக்குப் போய்விடுகிறார்கள். பெரியவர்கள் ஒரு பார்வை பார்த்துத் தலையாட்டிவிட்டு நகர்கிறார்கள். கேட்க யாருக்கும் எதுவும் இல்லை.

முதல் நாள் மூடும் நேரத்தில் நூலகர் அம்மாள் விளக்குகளை அணைத்துக்கொண்டே வந்தார்.

"பாத்தீங்களா ஐயா, எல்லாருக்கும் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு."

"ஆமாம்மா, தெரிஞ்சுபோச்சு" என்றார் லிஃப்ட்காரர். அன்று அவர் பேசியது அவ்வளவுதான். நாற்காலியை மேசைக்கடியில் நகர்த்தி வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.