குறுக்குவழியில் கேட்ட பதில்குரல்

வழி தெரியாது என்று சொல்லத் தெரியாதவளாய் இருந்தேன். என்னை அப்படிச் சொல்லவைத்த ஆண்டவருக்கு முதலில் என் நன்றி.

கடந்த ஏப்ரலில், ஈஸ்டர் கழிந்த வாரம், உத்தரகாண்ட் மலைச்சரிவு ஒன்றில் நான் செத்துப்போவேன் என்று நினைத்தேன். என்கூட கோமதியும் இருந்தாள். அவள் கால் பிசகிவிட்டது. ஷூவுக்குள் பனித்தண்ணீர். பல் கிட்டித்துப்போய் நடுங்கினாள். சுற்றிலும் மூடுபனி, பதினைந்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. போனில் சிக்னல் இல்லை.

தப்பு முழுக்க என்னுடையது.

நான் போனக்காடு மலைத் தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவள். இப்போது திருவனந்தபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை. கிழக்கேகோட்டை அக்ரகாரத்துக் கோமதியும் அங்கேதான். நாலு நாள் மலைநடைக்கு ஒரு குழு கிளம்பியபோது அவள் அம்மா விடவே இல்லை. நானே வீட்டுக்குப் போய், "மாமி, நான் மலைக்காரியாக்கும். உங்க பொண்ணைப் பத்திரமாக் கொண்டாந்து விடுவேன்" என்று ஜாமீன் நின்றேன்.

முதல் இரண்டு நாள் சொர்க்கம்தான். பனி உருகி ஓடை ஓடையாய்ப் பாய்ந்தது. மரம் முழுக்கச் சிவப்புப் பூ. எங்கள் வழிகாட்டி பல்பீர் கடைசி ஆளாக வருவார். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது.

எங்கள் எஸ்டேட்டில் ஒரு பழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு நடக்கும்போது மூடுபனி இறங்கினால், முன்னால் போகிறவர் "ஆண்டவரே!" என்பார். கடைசியில் வருகிறவர் "கூட இரும்!" என்பார். பதில் வராவிட்டால் எல்லோரும் நிற்க வேண்டும். ஜெபமும் ஆச்சு, ஆள் விடுபடாமல் பார்த்ததும் ஆச்சு. இரண்டாம் நாள் மூடுபனி இறங்கியபோது இதை பல்பீருக்கு விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்தேன். "கூடு இரும்" என்றார் மனுஷன். எல்லோரும் சிரித்தோம்.

மூன்றாம் நாள் மத்தியானம் பாதை வளைந்து வளைந்து இறங்கியது. எஸ்டேட்டில் வளைவு ரோட்டில் எவர் நடப்பார்? தேயிலைக்கு நடுவே குறுக்கே இறங்கி லயத்து வீட்டுக்குப் போய்விடுவோம். அதே திமிரில், பின்னால் வந்த பல்பீர் வளைவில் மறைந்திருந்த நேரம் பார்த்து, யாரிடமும் சொல்லாமல் கோமதியையும் கூட்டிக்கொண்டு குறுக்கே இறங்கினேன். கீழே பாதை தெரிந்தது. கால்மணி நேரத்தில் மூடுபனி வந்து, அந்தப் பாதையும் மறைந்தது.

கண்ணை மூடி ஜெபித்தேன். வாய்க்குள்ளேதான். மலைக்காரிக்கு வழி தப்பிவிட்டது என்று ஊர் சிரிக்குமே! யாருக்கும் தெரியாமல் எங்களைப் பாதையில் சேர்த்துவிடும் ஆண்டவரே என்று கேட்டேன். எங்கள் உயிரைக் கேட்கவில்லை, என் மானத்தைக் கேட்டேன்.

"ஏன் அக்கா ஒரு வார்த்தை மிண்டாம இருக்கேள்?" என்று கோமதி அழுதாள். "வழி தெரியுமா, தெரியாதா? அதைச் சொல்லுங்கோ."

அவள் உதடு நீலம் பாய்ந்திருந்தது. மாமி முகம் நினைவுக்கு வந்தது. என் நெஞ்சு உடைந்துபோயிற்று.

"தெரியாதும்மா" என்றேன். அதையே ஆண்டவரிடமும் சொன்னேன். "எனக்கு வழி தெரியாது. நீர்தான் ஆளனுப்ப வேண்டும்." பிறகு வெட்கத்தை விட்டு, தொண்டை கிழியக் கத்தினேன்: "ஆண்டவரே!"

பதில் இல்லை. மறுபடியும் கத்தினேன். இல்லை. மூன்றாம் தடவை கோமதியும் சேர்ந்துகொண்டாள்.

மேலேயிருந்து குரல் வந்தது.

"கூடு இரும்!"

ஐயோ, அந்தச் சத்தம்! நான் கூப்பிடக் கூப்பிட, அவர் பதில் சொல்லிக்கொண்டே கயிற்றோடு இறங்கினார். பத்தடி தள்ளி, நான் அடுத்து இறங்கலாம் என்று நினைத்திருந்த பனித்தரையில் கம்பால் குத்திக் காட்டினார். கம்பு பொத்தென்று உள்ளே போயிற்று. அடியில் ஓடை ஓடும் சத்தம் கேட்டது.

கோமதியை முதுகில் தூக்கிக்கொண்டு ஏறினார். கூடாரத்தில் டீ குடிக்கும்போது, அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று இந்தியில் கேட்டார். இந்தி தெரிந்த கோமதி அர்த்தம் சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார்.

"என்னடி சொல்றார்?"

"அதுக்குத்தானே வந்தேன்னு சொல்றார், அக்கா."

நான் அங்கேயே முழங்காலில் விழுந்து அழுதேன்.

கோமதியின் கால் ஒரு மாதத்தில் சரியாயிற்று. மாமியிடம் நடந்ததை ஒன்று விடாமல் நானே சொன்னேன். நல்ல வசவு கிடைத்தது, பிறகு காப்பியும் கிடைத்தது. லேபில் இப்போது தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறேன். அங்கே வேலை பழகும் சின்னப் பிள்ளைகளே ஆச்சரியப்படுகிறார்கள்.

பிரியமானவர்களே, உங்களில் யாராவது வாய்க்குள்ளேயே ஜெபித்துக்கொண்டு, வெளியே எல்லாம் சரி என்று நடித்துக்கொண்டிருந்தால், போதும். சத்தமாகக் கூப்பிடுங்கள். பதில் யார் வாயில் வரும், எந்த மொழியில் வரும் என்பதை அவர் பார்த்துக்கொள்வார். எனக்கு வந்தது. உங்களுக்கும் வரும்.