இருநூற்றுப் பதினேழாம் வீட்டுக்காரி

அந்தப் பல்கலைக்கழகத்தில் அறிவுக்குப் பன்னிரண்டு துறைகள் இருந்தன. கால்கள் இரண்டே இரண்டு. அந்தக் கால்கள் படிவத்தாருடையவை. கிராம வளர்ச்சியிலிருந்து மருத்துவம் வரை எந்தத் துறையில் எவர் பட்டம் வாங்கினாலும், வெயிலில் நடந்து, நாய்க்குப் பயந்து, கதவைத் தட்டி, "அம்மா, ஒரு பத்து நிமிஷம்" என்று பொய் சொல்லி விடைகளை வாங்கி வந்தவர் அவர்தான். கள ஆய்வாளர் என்பது பதவி. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. அதைச் சம்பளப் பட்டியலும் மாமியாரும் மட்டும் பயன்படுத்தினார்கள். மற்றவர்களுக்கு அவர் படிவம்.

அந்தப் பத்து நிமிஷத்தைத் தவிர மற்றதில் அவர் பொய் கலக்காதவர். விடை வாங்குவதில் அவருக்கு ஒரு கற்பு இருந்தது என்றே சொல்லலாம். மாட்டின் வயது தெரியாது என்று யாராவது சொன்னால், "பரவாயில்லை, நானே பாத்துக்கறேன்" என்று மாட்டின் வாயைத் திறந்து பல்லை எண்ணுவார். அப்படிப்பட்டவர் வாழ்க்கையில் ஒரே ஒரு படிவம் தவறியது. கற்பு விஷயத்தில் ஒன்று என்பது குறைந்த எண்ணிக்கை அல்ல என்பதுதான் சங்கடம்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. கிராம வளர்ச்சித் துறை ஒரு கிராமத்தை எடுத்துக்கொண்டு இருநூற்று நாற்பது வீடுகளைப் பொறுக்கியது. முன்னால் போன ஒரு குழு, வீட்டுச் சுவர்களில் சிவப்புப் பெயிண்டில் எண் போட்டு, "ஐயா ஒருத்தர் வருவார், வெளியே போயிடாதீங்க" என்று சொல்லி வைத்திருந்தது. படிவத்தார் இருநூற்று முப்பத்தொன்பது வீடுகளை முடித்துவிட்டார். மிச்சம் ஒன்று. அது ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தது.

மூன்று நாள் மழை. ஓடையில் இடுப்பளவு தண்ணீர். அவருக்கு லேசான காய்ச்சல் வேறு. படிவக் கட்டுகளை ஏற்றிப் போகும் வண்டி நாலு மணிக்குக் கிளம்பும். இந்தக் கரையில் இருந்த பேருந்து நிழற்குடையில் உட்கார்ந்து, குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார். வீட்டு எண் இருநூற்றுப் பதினேழு. பெண், வயது நாற்பத்தாறு, தனியாள். அவ்வளவுதான்.

எதிர்க்கரையில் அந்த வீடு தெரிந்தது. ஓட்டுக் கூரை, சுவரில் சிவப்பாக எண், பக்கத்தில் ஒரு கிணறு. வாசலில் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. மழையில் எது தெரிந்தாலும் ஆள்போலத்தான் தெரியும் என்று அவர் தமக்குத் தாமே விளக்கிக்கொண்டு, பேனாவைத் திறந்தார்.

குடிநீர்: கிழக்குக் கிணறு. கண்ணால் பார்த்ததுதானே, அது பொய்யாகாது. கால்நடை: ஆடு இரண்டு. தனியாக இருக்கிறவளுக்கு ஒரு துணை வேண்டாமா என்ற இரக்கத்தில் கொடுத்தது. உடல்நலக் குறை ஏதும் உண்டா என்ற கேள்வியில் மட்டும் பேனா ஒரு கணம் நின்றது. 'உண்டு' என்று எழுதினால் நாலு பக்கத் துணைக்கேள்விகள் திறந்துகொள்ளும். 'இல்லை' என்று எழுதினார். வண்டி சரியாக நாலு மணிக்குக் கிளம்பியது.

அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் பல்கலைக்கழகத்துக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. கிடைத்த பட்டியலை விடவே விடாது. அடுத்த வருஷம் பொருளியல் துறை அதே இருநூற்று நாற்பது வீடுகளைக் கேட்டது. அதற்கடுத்து வேளாண்மைத் துறை, உளவியல் துறை, உடற்கல்வித் துறை என்று வரிசையாக வந்தார்கள். இனி ஓடையைத் தாண்டிப் போகவும் வழியில்லை. போனால் உள்ளே இருக்கும் நிஜப் பெண்மணி, படிவத்தில் இருக்கும் பெண்மணியோடு சண்டைக்கு வருவாள்.

அவளைச் சாகடித்துவிடலாம் என்று ஒருமுறை யோசித்தார். மரணம் என்றால் மருத்துவத் துறைக்குப் பன்னிரண்டு பக்க அறிக்கை போகும், இரண்டு டாக்டர்கள் நேரில் விசாரிக்க வருவார்கள். சரி, ஊரை விட்டே போய்விட்டாள் என்று எழுதலாம் என்றால், மக்கள்தொகைத் துறை விடாமல் தேடிக் கண்டுபிடிக்கும். அதற்கென்றே அங்கே ஒரு பிரிவு உண்டு. ஆகவே அவளை உயிரோடு வைத்திருப்பதுதான் இருப்பதிலேயே சிரமமில்லாத வழியாக இருந்தது. அவள் வாழ்ந்தாள். வருஷத்துக்கு ஒரு வயது ஏறினாள். ஆடு ஒன்று செத்தது. அன்று படிவத்தாருக்குச் சோறு இறங்கவில்லை.

உடற்கல்வித் துறை, கையை இறுக்கி மூடும் வலுவை அளக்கும் கருவியைக் கொடுத்தனுப்பியது. வேறு வழியில்லாமல் அவரே அதை அழுத்தினார். கிழக்குக் கரைப் பெண்களின் அசாதாரணக் கைப்பிடி வலு பற்றி ஒரு கட்டுரை வெளிவந்து, வெளிநாட்டுக் கருத்தரங்கு வரை போய் வந்தது.

உளவியல் துறையின் தனிமைக் கேள்வித்தாளில்தான் விஷயம் கைமீறியது. கேன்டீனில் ஒரு பட்டப்பகலில், சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து நிரப்பிக்கொண்டிருந்தார். பதினாலாவது கேள்வி: யாரையாவது எதிர்பார்த்துக் காத்திருப்பதுண்டா? 'இல்லை' என்று குறிக்கத்தான் நினைத்தார். கை போய் 'எப்போதும்' என்ற கட்டத்தில் குறியிட்டது. அடித்துவிட்டுத் திருத்தினார். மறுபடி பார்த்தபோது திருத்தமும் அதே கட்டத்தில் இருந்தது.

அதற்கப்புறம் அவள் வர ஆரம்பித்தாள். வேறு ஏதோ வீட்டில், வேறு யாரிடமோ, "உடம்புக்கு ஏதாவது உண்டா?" என்று கேட்பார். எதிரில் இருப்பவர் வாயைத் திறக்குமுன் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "இன்னும் எத்தனை கேள்வி இருக்குங்க?" என்று தணிந்து கேட்கும். திரும்பினால் யாரும் இருக்க மாட்டார்கள். தரையில் மட்டும் ஈரப் பாதச் சுவடுகள் இருக்கும், இயல்புக்கு மீறி அகலமாக. ஒவ்வொரு மழைக்கும் அவர் வீட்டு வாசல் சுவரில் சிவப்பாக ஒரு கறை ஏறியது. வெள்ளையடித்தார். அடுத்த மழைக்கு மறுபடி வந்தது.

"ஓதம்" என்றார் மனைவி.

"உனக்கு அதுல எதுவும் படிக்கத் தெரியலையா?"

"சுவத்துல என்னத்தைப் படிக்கிறது? நீங்க எல்லாத்தையும் படிவமாப் பாத்தா நான் என்ன பண்ண?"

மனைவி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நர்ஸ். ஊசி போடும் அறை அவருடைய ராஜ்ஜியம். உண்மையை அவரிடம் சொல்ல வேண்டிய நாளும் வந்தது. மருத்துவத் துறை அந்தக் கிராமத்தில் சிறுநீரக நோய் பரவுவதாகக் கேள்விப்பட்டு, இருநூற்று நாற்பது பேரிடமும் ஒரு ட்யூப் ரத்தம் கேட்டிருந்தது. படிவத்தார் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"உங்கிட்ட கொஞ்சம் ரத்தம் வேணும்."

"இருபத்தஞ்சு வருஷமாக் குடிச்சது பத்தலையா?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். மனைவி அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டார்.

"அப்போ பன்னெண்டு வருஷமா எனக்குத் தெரியாம ஒருத்தியை வச்சிருக்கீங்க."

"வச்சிருக்கேன்னு சொல்லாதே. எழுதியிருக்கேன்."

"ரெண்டும் ஒண்ணுதான். எழுதினா இன்னும் மோசம், சாட்சி இருக்கு." மனைவி ரவிக்கைக் கையை மேலே தள்ளினார். "மாட்டினா வேலை போயிடும்ல? சரி, எடுத்துத் தொலைங்க. உங்களுக்கு நரம்பு தேடத் தெரியாது, தள்ளுங்க, நானே எடுத்துக்கறேன்."

இப்படியாக, இல்லாத ஒருத்தியின் உடம்பில் நல்ல ரத்தம் ஓடியது. அங்கேதான் வினை பிடித்தது. பரிசோதனையில் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் நோய் இருந்தது. மீதி வீடுகளில் அதன் சாயல் இருந்தது. பழுதே இல்லாத ரத்தம் ஒன்றே ஒன்றுதான்: எண் இருநூற்றுப் பதினேழு. மருத்துவப் பேராசிரியர் மற்ற துறைகளின் படிவங்களைப் புரட்டினார். இந்தக் கரையில் எல்லாரும் குடிப்பது மேற்குக் கிணறு. அந்தக் கரை அம்மாள் குடிப்பது கிழக்குக் கிணறு. பயிருக்கு உகந்த நீர் என்று கிழக்குக் கிணற்றுக்கு வேளாண்மைத் துறை எப்போதோ சான்று கொடுத்திருந்தது. பயிர் குடிப்பதை மனிதன் குடித்தால் என்ன? ஒரே ஒருத்தியை வைத்து இவ்வளவு பெரிய முடிவு எடுக்கலாமா என்று கேட்கக்கூடியவர்கள் புள்ளியியல் துறையினர். அவர்களை அந்தக் கூட்டத்துக்கு அழைக்க மறந்துபோயிற்று. கிழக்குக் கிணற்றிலிருந்து முழுக் கிராமத்துக்கும் குழாய் போடுவது என்று முடிவானது.

படிவத்தாருக்குத் தூக்கம் மட்டுமல்ல, விழிப்பும் போயிற்று. அந்தக் கிணற்றில் யார் எதைக் குடித்தார்கள் என்று அவருக்குத் தெரியாது. அதைத் தெரியும் என்று எழுதியவர் அவர் ஒருவர்தான். குழாய்களை ஏற்றிய லாரி போன மறுநாள் அவரும் போனார்.

கோடை. ஓடை வறண்டு கிடந்தது. கடக்க நாற்பத்தொரு எட்டு. எண்ணியே கடந்தார். பன்னிரண்டு வருஷமும் நாற்பத்தொரு எட்டும்.

வீட்டுக்குக் கூரை இல்லை. சுவரில் எண் மட்டும் நேற்றுப் போட்டதுபோல் சிவப்பாக இருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெண்மணி புல்லுக்கட்டோடு வந்தார்.

"யாருங்க?"

"கணக்கெடுக்க வந்திருக்கேன்ம்மா. யூனிவர்சிட்டிலேர்ந்து."

"இப்பவா?" அந்த அம்மாள் கட்டை இறக்கினார். "ரொம்பச் சுறுசுறுப்புதான். இவ உங்களுக்காக மூணு நாள் மழையில வாசல்லயே உக்காந்திருந்தா. உள்ள வாடின்னா கேக்கலை. கால் ரெண்டும் தூண் மாதிரி வீங்கிக் கிடந்துச்சு. வர்றவர் படிச்சவர், காட்டினா எழுதிக்குவார், அது டாக்டருக்குப் போகும்னு சொல்லிட்டே இருந்தா."

படிவத்தார் திரும்பி அக்கரை நிழற்குடையைப் பார்த்தார்.

"அந்தப் பக்கம் ஒருத்தர் குடையோட உக்காந்து எழுதினாராம். என்னைப் பத்தித்தான் எழுதறார் போலிருக்கு, எழுதி முடிச்சதும் வந்துடுவார்னா."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, வருஷம் திரும்பறதுக்குள்ள போயிட்டா. இந்தக் கிணத்துத் தண்ணி குடிச்ச வீடு ஆறு. இப்போ ரெண்டுதான் திறந்திருக்கு. நான் மேட்டுல இருக்கிற மக வீட்டுலேர்ந்து தண்ணி கொண்டுவரேன், அதான் நடமாடிட்டிருக்கேன்."

அவருக்கு வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை. "ஆடு வச்சிருந்தாங்களா?" என்றார்.

"ஆடா? அவளுக்கு ஆட்டு முடி மேல பட்டாலே தும்மலு வரும்."

திரும்பி வரும்போதும் எண்ணினார். நாற்பத்தொன்றில் முடிந்திருக்க வேண்டிய காலடிச் சத்தம், அவர் நின்ற பிறகும் ஒன்றிரண்டு எட்டு கூடுதலாகக் கேட்டது.

குழாய்ப் பணித் தொடக்கக் கூட்டம் அந்த வாரமே நடந்தது. திரையில் இருநூற்று முப்பத்தொன்பது சிவப்புப் புள்ளிகள், நடுவே ஒரு பச்சைப் புள்ளி. மருத்துவப் பேராசிரியர் அதைக் குச்சியால் தொட்டார்.

"ஒரு கிராமத்துக்கே வழி காட்டினவங்க இந்த அம்மா. படிவம், நாளைக்குத் தொடக்க விழாவுக்கு இவங்களைக் கூட்டிட்டு வாங்க. ஒரு சால்வை போர்த்தணும்."

கடைசி வரிசையிலிருந்து படிவத்தார் எழுந்தார். "கூட்டிட்டு வர வேண்டாங்கய்யா. வந்துதான் நிக்குது."

"எங்கே?"

"நான்தாங்கய்யா இருநூத்திப் பதினேழு. ரத்தம் மட்டும் என் சம்சாரத்தோடது."

மருத்துவப் பேராசிரியரின் குச்சி பச்சைப் புள்ளியிலிருந்து இறங்கியது. பிறகு உடற்கல்விப் பேராசிரியர் மெல்லிய குரலில், "அப்போ அந்தக் கைப்பிடி?" என்றார்.

"அதுவும் நான்தாங்கய்யா." படிவத்தார் மருத்துவப் பேராசிரியர் பக்கம் திரும்பினார். "அந்த அம்மா கால் வீங்கிச் செத்து பதினோரு வருஷம் ஆச்சு. அந்தக் கிணத்துத் தண்ணி குடிச்சுத்தான். குழாயை நிறுத்துங்க. என்னை அப்புறமாத் திட்டிக்கலாம்."

குழாய் நின்றது. கிணற்று நீரை இந்தமுறை மனிதர்கள் குடிப்பதற்கான பரிசோதனைக்கு அனுப்பினார்கள். மேற்குக் கிணற்றில் இருந்த விஷம் இதில் மூன்று மடங்கு இருந்தது. படிவத்தாரின் வேலை போனது. மனைவிக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பதினோரு கட்டுரைகளைத் துறைகள் திரும்பப் பெற்றன. உளவியல் துறை மட்டும் மறுத்துவிட்டது. அந்தத் தாளை நிரப்பியது யாராக இருந்தாலும், மதிப்பெண்ணைப் பார்த்தால் தனிமை உண்மையானதுதான் என்பது அவர்கள் வாதம்.

அறிவு எதையும் வீணாக்குவதில்லை. ஆறு மாதம் கழித்து, கள ஆய்வில் பொய் விடைகள் என்ற தலைப்பில் ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண், கேள்வித்தாளோடு படிவத்தாரின் வீட்டுக்கே வந்தாள்.

"ஒரு பத்து நிமிஷம்தான் சார்."

"தெரியும்மா" என்றார் படிவத்தார். "உக்காருங்க."

வெளியே மழை பிடித்திருந்தது. வாசல் சுவரில் கறை ஏற ஆரம்பித்திருந்தது.

"வீட்டுல மொத்தம் எத்தனை பேர் சார்?"

அவர் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து மனைவி சொன்னார். "மூணு."

அந்தப் பெண் வாசலைப் பார்த்தாள். இரண்டு ஜோடிச் செருப்புகள்தான் கிடந்தன. "மூணாவது ஆள்..?"

"பொம்பளை. வயசு அம்பத்தெட்டு" என்றார் மனைவி, துணியில் கையைத் துடைத்தபடி வந்து. அவர் கண் வாசற்படியில் இருந்தது. அங்கே தரை நனைந்திருந்தது.

"அவங்க உடம்புக்கு ஏதாவது குறை உண்டா?"

"உண்டு" என்றார் படிவத்தார்.

பெண் ஒரு பெருமூச்சு விட்டுத் தாளைத் திருப்பினாள்.

"நாலு பக்கம் இருக்கும்மா" என்றார் அவர். "நிதானமா எழுதுங்க. அவங்களுக்கு அவசரமில்லை."