கிணற்றுத் தண்ணியில் போட்ட தேத்தண்ணி

பெற்றோலுக்கு நாள்கணக்காக வரிசையில் கிடந்தோமே, அதற்கு அடுத்த வருசம்தான் தர்மினி கொழும்பு வேலையை விட்டு எங்கள் தீவுக்கு, இந்தச் சுருவிலுக்கு வந்தது. போன கிழமை, நெஞ்சு நோகிறதென்று யாழ்ப்பாணம் கொண்டுபோன வழியிலேயே அவருடைய உயிர் போய்விட்டது என்று செய்தி வந்தபோது, நான் கையில் வாளியோடு கிணற்றடியில் நின்றேன். நாற்பத்தாறு வயது அவருக்கு. எனக்கு எழுத்து வராது. நான் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள்.

அவர் செய்த பெட்டியை நீங்கள் கண்டிருப்பீர்கள். அளவுக்கு மிஞ்சி இறைத்தால், எங்கள் தீவில் நல்ல தண்ணிக்குக் கீழே கிடக்கும் உப்பு மேலே ஏறும். ஏறத் தொடங்கியதும் அந்தப் பெட்டி பம்பை நிறுத்திவிடும். அது சரியாகச் சொல்கிறதா என்று முதலில் என் நாக்கைக் கொண்டுதான் சோதித்தார். ஏழு கிணற்றுத் தண்ணி, ஏழு கோப்பை. முடிந்ததும் சிரித்தார். “பெட்டிக்குப் பற்றரி வேணும், அப்பு. உங்கட நாக்குக்கு அதுவும் தேவையில்லை.”

பெட்டிகளைக் கூடுதலாகச் செய்ய ஆராவது முதல் போடவேண்டும். விதைக்காசு என்பார். “முளைக்க முன்னம் போடுற காசு, அப்பு. முளைக்குமெண்டு நான் சத்தியம் பண்ண ஏலாது.” கையிலிருந்தது தீர்ந்த நேரத்தில், பக்கத்து ஊர் கரம்பொனைப் பூர்வீகமாகக் கொண்ட ஒருவர், புதுக் கம்பனிகளுக்குக் கனடாவிலிருந்து முதல் போடுகிறவர், பார்க்க வந்தார். அவரும் கைவிட்டால் எல்லாவற்றையும் மூடிவிட்டுத் தர்மினி கொழும்புக்கே திரும்பவேண்டியதுதான்.

வந்தவர் வீடு வீடாக ஒரே கேள்வி கேட்டார். “உங்கட கிணத்தில உப்பு ஏறியிருக்கோ?”

ஒருவரும் ஓம் என்று சொல்லவில்லை. “எங்கட கிணறோ? இளநீரெல்லோ!”

ஏனென்று எங்களுக்குத் தெரியும். சீதனக் காணியோடு போவது கிணறு. அது உப்பென்று ஊர் அறிந்தால் மாப்பிள்ளை வீட்டார் படலையைத் திறக்கமாட்டார்கள். இளநீர் என்று சொன்ன வீடெல்லாம் பவுசர் லொறியில் வாங்கிய தண்ணியில்தான் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தது.

என் முற்றத்துக்கு வரும்போது வந்தவருக்கு அலுத்துவிட்டது. “வருத்தமே இல்லாத ஊரில மருந்து விக்கிறீங்கள், தங்கச்சி.” பிறகு என்னைக் கேட்டார். பேத்திக்கு அப்போது கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

“நல்ல தண்ணி,” என்றேன் நானும்.

ஏழு கிணற்றிலும் மோசமானது என்னுடையது. தர்மினிக்குத் தெரியும். காட்டிக்கொடுக்கவில்லை. எனக்கு மட்டும் கேட்கும்படி மெல்லச் சொன்னார்: “உண்மையைச் சொல்லுங்கோ எண்டு நான் கேக்க மாட்டன், அப்பு. உங்களுக்குப் பேத்தி இருக்கு.”

வந்தவர் படலை வரை போய்விட்டார். “தம்பி, ஒருக்கா நில்லும்,” என்றேன். வாளியை இறக்கினேன். அந்தத் தண்ணியிலேயே தேத்தண்ணி போடுவித்துக் கொடுத்தேன். ஒரு மிடறு உள்ளே போனதும் அவருடைய முகம் கோணியது.

வேலிக்கு அப்பால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான் நாகலிங்கம், என் வயதுக்காரன். “டேய் பொன்னுத்துரை, பேத்தியின்ரை சீதனத்தைக் கோப்பையில ஊத்திக் குடுத்திட்டியேடா!” என்றான். பிறகு, “இதெல்லாம் ஒரு உப்போ? பொறுங்கோ, என்ரையைக் கொண்டு வாறன்!”

இனிக் காசு வந்துவிடும் என்றுதான் நினைத்தேன். வந்தவர் தர்மினியைப் பார்த்து, “உங்கட பெட்டி இந்தக் கிணத்தைத் திருத்துமோ?” என்று கேட்டார். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் காசு.

“இல்லை,” என்றார் தர்மினி. “இது போன கிணறு. போகாத கிணத்தைத்தான் நான் காப்பாத்த ஏலும்.”

வந்தவர் வாகனத்தில் ஏறினார். இருபத்தொரு நாள் ஒரு பதிலும் இல்லை. தர்மினி சாமான்களைக்கூடக் கட்டிவிட்டார். இருபத்திரண்டாம் நாள், கேட்டதில் பாதி வந்தது.

சம்பந்தம் குழம்பிப்போயிற்று. தர்மினி வந்து என் முன்னால் தலை குனிந்து நின்றார். பேத்திதான் சொன்னாள்: “கிணத்தைக் கட்ட வந்தவர் எனக்கு என்னத்துக்கு, அக்கா?” இதை எழுதும்போதும் சிரிக்கிறாள்.

தர்மினியின் பெட்டிகள் இப்போது மற்றவர்களின் கிணறுகளில் இருக்கின்றன. எனக்கு அவர் விட்டுப்போனது அந்த ஒரு சொல்தான்: “நான் கேக்க மாட்டன்.” கேட்டிருந்தால் நான் மறுத்திருப்பேன்.

போன மாரிக்கு முன்னம் நாகலிங்கம் போனான். இப்போது தர்மினி. அன்றைக்கு அந்தக் கிணற்றடியில் உள்ளதை உள்ளபடி சொன்ன மூன்று பேரில் உயிரோடு இருப்பது நான் மட்டும்தான், சுருவில் கந்தையா மகன் பொன்னுத்துரை. என் கிணறு உப்பு.