டாக்டர் மனூபியா திருப்பி வாங்கிய மாத்திரை

மனூபியா, ஐன் ஸஃப்ஸாஃப் என்ற ஊரின் சுகாதார நிலையத்துக்கு டாக்டராக வந்து இருபத்திரண்டு வருடமாகிறது. அந்த மலையூரில் அவரைவிட மருத்துவம் தெரிந்தவர் யாருமில்லை. அவருக்கு அதுதான் தலைவலி. தப்பு செய்தால் காதைப் பிடித்துத் திருக ஆளில்லையே. அதனால் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரும் தூங்கும்போதே எழுந்து, காபியை அடுப்பில் வைத்துவிட்டு, தன் காதைத் தானே திருகிக்கொள்வார். அதாவது, புதிதாக வந்த மருத்துவக் கட்டுரைகளை உட்கார்ந்து படிப்பார்.

"இந்த வயசுல உன்ன யாருடி பரீட்சை எழுதச் சொல்றாங்க?" என்று தலைநகர் தூனிஸில் இருக்கும் தோழி போனில் கிண்டலடிப்பாள். மனூபியா கேட்கிற ஆளில்லை. கட்டம் போட்ட நோட்டு ஒன்றில் இடப்பக்கம் அவர் இதுவரை செய்துவந்தது, வலப்பக்கம் இனிமேல் செய்ய வேண்டியது. அதோடு விட்டாரா என்றால் இல்லை. இடப்பக்கத்து வைத்தியத்தை யார் யாருக்குச் செய்தோம் என்று பெயர்களையும் எழுதிவைப்பார். படிப்பது அவருக்குச் சுகம். பெயர் எழுதும்போதுதான் காபி கசக்கும்.

ரமலானுக்கு ஏழு வாரம் இருந்தபோது ஒரு ஞாயிறு அப்படிக் கசந்தது. அவர் வருடக்கணக்காகக் கொடுத்துவந்த சர்க்கரை மாத்திரை ஒன்று, வயிறு காலியாக இருந்தாலும் நாள் முழுக்கச் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்குமாம். நோன்பிருக்கும் வயதானவர்களுக்கு அது ஆகாது, மாற்றிவிடுங்கள் என்று போட்டிருந்தது. தேதியைப் பார்த்தார். நேற்று வந்த சேதியுமல்ல. சில வருடமாகவே அவர் கண்ணில் படாமல் கிடந்திருக்கிறது. நோட்டில் பதினோரு பேரை எழுதினார். முதல் பெயர் ஹாஜி ஷாஸ்லி.

ஷாஸ்லி ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர், எழுபதைத் தாண்டியவர். மூன்று வருடத்துக்கு முன் நோன்பு நாளில் தெருவில் மயங்கி விழுந்தார். "வயசாகுது ஹாஜி" என்று சொல்லி அனுப்பியது மனூபியாதான். இப்போது போய் அது என் தப்பு என்று சொன்னால், மறுநாளே பாதி ஊர் சந்தையில் மூலிகை விற்பவரிடம் வரிசையில் நிற்கும். பேசாமல் மருந்துச் சீட்டை மாற்றி எழுதிவிடலாம். ஆனால் காரணம் சொல்லாமல் பழைய டப்பாவைத் தூக்கியெறிகிற ஆளா அவர்? இன்னொரு முறை விழுந்தால் எழுந்திருக்கவும் மாட்டார்.

வியாழக்கிழமை ஷாஸ்லி வந்து உட்கார்ந்தார். "இந்த வருஷமும் நோன்பு புடிக்கலாம்ல, டாக்டரம்மா?"

"அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும், ஹாஜி. அன்னைக்கு விழுந்தீங்கல்ல, அது வயசில்ல. நான் குடுத்த மாத்திர. அப்போ எனக்குத் தெரியல. தெரிஞ்சிருக்கணும்."

ஷாஸ்லி சிவப்புத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். இருபத்திரண்டு வருடமும் போச்சு என்று மனூபியா நினைத்துக்கொண்டார்.

"அப்போ அந்த நடுக்கமும் மாத்திரதானா?"

"எந்த நடுக்கம்?"

"சாயங்காலம் அஸர் தொழுதுட்டு வந்தா கை காலெல்லாம் ஆடும். வேர்த்துக் கொட்டும்." குரலை இறக்கினார். "பள்ளிவாசலுக்குப் பின்னாடி போயி ஒரு பேரீச்சம்பழத்த வாயில போட்டுக்குவேன். வருஷத்துக்கு ஏழெட்டு நாள். பஸ் ஓட்டிக்கிட்டே முப்பத்தஞ்சு வருஷம் நோன்பு புடிச்சவன் நான். கடைசிக் காலத்துல அல்லா மேல வச்ச ஈமான் தேஞ்சு போச்சேன்னு... வீட்டுலகூடச் சொல்லல."

"சர்க்கர எறங்குனா அப்படித்தான் ஆகும், ஹாஜி. அந்தப் பழத்தத் தின்னதாலதான் இன்னைக்கு உசுரோட இருக்கீங்க."

பெரியவர் அழுதுவிட்டார். கோபத்துக்குத் தயாராக இருந்த மனூபியாவுக்கு அழுகையை என்ன செய்வதென்று தெரியவில்லை. பாவமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஷாஸ்லி ஒரு திட்டும் திட்டினார். "நல்லாப் படிச்சீங்க போங்க. கொஞ்சம் சீக்கிரமாப் படிச்சிருக்கக் கூடாதா?" மனூபியா அதையும் வாங்கிக்கொண்டார்.

ஷாஸ்லி அங்கேயே மனைவிக்குப் போன் போட்டார். காது மந்தம் என்பதால் அவர் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், இரண்டு பக்கமும் அறைக்கே கேட்கும்.

"கதூஜா, நோன்புல நான் ஒளிஞ்சு பேரீச்சம்பழம் தின்னிருக்கேன்."

"தெரியும். சட்டை தொவைக்கையில பையில கொட்ட கெடந்துச்சு. நீங்க வெக்கப்படுவீங்கன்னு நான் கேக்கல."

"அது என் குத்தமில்லையாம். சர்க்கர மாத்திர பண்ணுன வேலையாம். டாக்டரம்மாவே சொல்றாங்க."

அந்தப் பக்கம் பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"எது, விடியறதுக்கு முன்னாடி ஸஹர் சாப்பிட்டுட்டு நீங்க ஒண்ணு நான் ஒண்ணு போடுவோமே, அதா?"

நோட்டில் எழுதிய பதினோரு பேரில் கதூஜாவும் ஒருவர். மனூபியா நாற்காலியைப் போனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். "அதேதான் கதூஜா. உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"நான் அடுப்படியில, டாக்டரம்மா," என்றார் கதூஜா. "சூப்புல உப்பு பாக்குற சாக்குல ரெண்டு மூணு கரண்டி முழுங்கிடுவேன்."