வாய் நிறைய வெற்றிலை

தலைச்சுமையை இறக்கிய பிறகும் செல்லையனின் இடுப்பு சற்று நேரம் ஆடிக்கொண்டுதான் இருக்கும். பனச்சமூடு சந்தைக்கு வாழைக்குலை சுமந்து சுமந்து வந்த ஆட்டம் அது. பார்த்துச் சிரிப்பவர்களிடம் அவர் கோபித்துக்கொள்வதில்லை. "இப்பமே சிரிச்சுத் தீத்துராத மக்கா. நாடகத்துக்கு மிச்சம் வேணும்" என்பார்.

நாடகத்தில் அவர் ஆனந்தபாய். ஆறடி உயரம், கருங்கல்லில் கொத்தியது போன்ற தோள், அதன்மேல் மனைவி விஜயம்மாவின் கல்யாணச் சேலை. மீசையை மட்டும் எடுக்கமாட்டார். வெட்கம் வரும்போதெல்லாம் இரண்டு விரலால் அதை மூடிக்கொள்வார். அந்த விரல்களுக்கே தனிக் கைதட்டல் உண்டு. மழித்துவிட்டால் என்ன என்று கேட்டால், "மீச எனக்க சொந்தம், சேல அவளுக்க சொந்தம். ரெண்டுக்கும் ஒண்ணும் வரப்பிடாது" என்பார்.

ஆனந்தபாய் குலை விற்கும் வாயாடி. விலை சொல்வது தமிழில். பேரம் பேசுகிறவனுக்கு வசவு மலையாளத்தில். பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை சந்தைப் பெண்கள் பேசுவதே அப்படித்தான் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. பிறகு எல்லைப் போராட்டம் வந்தது. இந்த ஊர்கள் தமிழ்நாட்டோடு சேருமா, மலையாளத்தோடு இருக்குமா என்று சுவரெல்லாம் கரி எழுத்து. ஆனந்தபாயின் நாக்கிலும் எல்லைக்கல் நட ஆள் வந்தது.

பெருங்கடவிளை வாசகசாலை ஆண்டுவிழா நெருங்கியபோது தமிழ்க் கட்சிக்காரர் சுந்தரதாஸ் வந்தார். "எலே செல்லையா, ஒனக்க ஆனந்தபாய் தமிழு மட்டும் பேசினா போதும். மத்தது பேசினா கல்லு வரும், கேட்டியா."

அவர் படி இறங்கியதும் மறுகட்சி சதாசிவன் ஏறினார். "செல்லையா, அவள் மலையாளத்தில் பறஞ்ஞால் மதி. இல்லெங்கில் கல்லு வரும்."

கல் விஷயத்தில் மட்டும் இரண்டு கட்சிக்கும் ஒரே மொழி.

"ஆனந்தபாய்க்கு வயித்துவலியாக்கும்னு சொல்லிருங்க" என்றாள் விஜயம்மா.

"ஒருக்க படுத்தாண்ணா அவ பொறவு எழும்பமாட்டாட்டி" என்றார் செல்லையன். வருஷம் முழுக்கச் சுமையின்கீழ் அழுந்திக் கிடக்கிற கழுத்து நிமிர்வது அந்த மேடையில்தான். அதைக் கைவிட அவருக்கு மனம் வரவில்லை.

"அப்பம் கல்லு நிங்களுக்க தலையில விழட்டு. எனக்க சேலையில விழப்பிடாது." அதற்குமேலும் அவள் நிறையச் சொன்னாள். ஆனால் அதற்குள் வெற்றிலையை வாயில் திணித்திருந்தாள். செல்லையன் காதைச் சாய்த்துக் கேட்டார். "எடியே, நீ இப்பம் ஏசினது தமிழா, மலையாளமா?"

அவள் முற்றத்தில் துப்பிவிட்டு வந்தாள். "ஏச்சு ஏறிச்சா இல்லியா?"

செல்லையன் மீசையை இரண்டு விரலால் மூடிக்கொண்டு சிரித்தார்.

விழா அன்று மைதானத்தின் நடுவே கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் சுந்தரதாஸின் ஆட்கள், அந்தப் பக்கம் சதாசிவனின் ஆட்கள். இரண்டு பக்கமும் வேட்டி மடியில் கல் கனத்தது. கணவன் நாடகத்தை ஒருநாளும் எட்டிப்பார்க்காத விஜயம்மா, சேலைக்குக் காவலாகப் பெண்கள் நடுவே உட்கார்ந்திருந்தாள்.

மேடையில் நாடகப் போலீஸ் லத்தியை நீட்டி, "நீ ஏது பாஷைக்காரி?" என்று கேட்டான். ஆனந்தபாய் கன்னம் புடைக்க வெற்றிலையோடு நின்று பொரிந்து தள்ளினாள். ழகரமும் றகரமும் சாற்றில் முங்கிப்போயின. கை பேசியது, இடுப்பு பேசியது, மீசைமேல் வைத்த விரல் பேசியது.

"பாத்தியளா, தமிழு" என்றார் சுந்தரதாஸ்.

"கேட்டோ, மலையாளமாணு" என்றார் சதாசிவன்.

போலீஸ் மறுபடி கேட்டான். மறுபடி பொரிந்தாள். சிரிப்பு கயிற்றைத் தாண்டிப் போய்வந்தது. அதற்குள் சாறு வாய்கொள்ளாமல் நிறைந்துவிட்டது. ஆனந்தபாய் கோளாம்பியை எடுத்து அதில் சத்தமாகத் துப்பினாள். அடுத்த வெற்றிலைக்காக வெற்றிலைப் பெட்டியைத் திறந்தாள்.

பெட்டி காலி.

வாயும் காலி. ஒரு சொல் வெளியே வந்தால் போதும், அது ஏதாவது ஒரு பக்கம் விழுந்துவிடும். மைதானம் கழுத்தை நீட்டியது. சுந்தரதாஸின் கை மடிக்குப் போயிற்று. சதாசிவனின் கையும் போயிற்று. கல்யாணச் சேலைக்குள் நின்ற செல்லையன் காலிப் பெட்டியை மறுபடி துழாவினார்.

விஜயம்மா எழுந்தாள். யாரையும் பார்க்காமல் நடந்தாள். நடந்துகொண்டே முந்தானை முடிச்சை அவிழ்த்து வெற்றிலை எடுத்தாள், சுண்ணாம்பு தடவினாள், பாக்கு வைத்து மடக்கினாள். மேடை விளிம்பில் நின்று அதை நீட்டி, கணவனைப் பார்த்து ஏதோ சொன்னாள். அவள் வாயும் நிறைந்திருந்ததால் சொன்னது எந்த மொழி என்று யாருக்கும் தெரியவில்லை.

முதலில் வெடித்துச் சிரித்தது சதாசிவனா சுந்தரதாஸா என்று இன்றும் தகராறு உண்டு. மடி அவிழ்ந்து கற்கள் உருண்டன. குனிந்து பொறுக்க யாருக்கும் மூச்சு இல்லை.

ஆனந்தபாய் வெற்றிலையை வாங்கிக் கடைவாயில் ஒதுக்கினாள். வெட்கத்தில் மீசைக்குப் போன இரண்டு விரலும் அதை மூடாமல் நின்றன. இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, மீசையை மெதுவாக முறுக்கிவிட்டுக்கொண்டாள்.