சனிக்கிழமைக் கூட்டமும் ஒரு தாய்மாமன் சேலையும்

முதல் முறை அந்த அறைக்குள் நுழைந்தபோது, எங்கே உட்கார்ந்தால் சட்டென்று எழுந்து ஓடலாம் என்றுதான் பார்த்தேன். மலேசியாவில், மூவார் என்ற ஊரில் ஒரு மரச்சாமான் கடையின் மேல்மாடி அது. கீழேயிருந்து வார்னிஷ் வாடை ஏறி வந்துகொண்டிருந்தது. அந்த வாடையில் மூச்சு முட்டும், மயங்கி விழுவேன், இத்தனை பேர் என்னைச் சுற்றி நின்று குனிந்து பார்ப்பார்கள் என்று மனம் ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டியது. கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து கொண்டார்.

“நீங்க இங்க உக்காருங்க தங்கச்சி. நானும் புதுசுல இங்கதான் உக்காருவேன்.”

அன்றிலிருந்து அவர் எனக்கு அண்ணன். முன்பு லோரி ஓட்டியவர். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். பல வருடங்களாகக் காதில் யாரோ பேசும் நோய், அதற்கான மாத்திரையால் கை ஆடும். கல்யாணம் ஆகவில்லை, அக்கா வீட்டின் பின்னறையில் இருந்தார்.

என் கதை வேறு. ஜொகூர் பாருவில் அறை எடுத்துத் தங்கி, விடியும் முன்னே பாலம் கடந்து சிங்கப்பூர்த் தொழிற்சாலைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் குடிநுழைவு வரிசையில் நின்றபோது நெஞ்சு படபடத்து, கை மரத்துப்போய், செத்துவிடப் போகிறேன் என்று கத்திவிட்டேன். ஆம்புலன்ஸ் வந்தது. இதயத்தில் ஒன்றுமில்லை என்றார்கள். அதன்பின் வரிசையைக் கண்டாலே அது வந்தது. பிறகு பஸ்ஸில், பிறகு லிஃப்டில். கடைசியில் வேலையை விட்டு மூவாரில் என் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். கிளினிக் தாதிதான் சனிக்கிழமைக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னார். அங்கே டாக்டர் யாரும் இருக்கமாட்டார்கள், எல்லாரும் உங்களைப் போல மருந்து சாப்பிடுகிறவர்கள்தான் என்றார். அதைக் கேட்டு எனக்குப் பயம்தான் கூடியது.

கூட்டத்தை நடத்தியது ஒரு மலாய்ப் பெண்மணி. பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் சமைப்பவர். எல்லாருக்கும் அவர் ‘காக்’, அதாவது அக்கா. இரண்டு முறை மனநல வார்டில் இருந்துவிட்டு வந்ததை, மழை பெய்ததைச் சொல்வதுபோல் சொல்வார். ஓய்வுபெற்ற சீன ஆசிரியர் ஒருவர் வருவார். மனைவி இறந்த பிறகு மாதக்கணக்கில் படுக்கையை விட்டு எழாதவர். இன்னும் சிலர் வருவார்கள், போவார்கள். மலாயில்தான் பேச்சு. எனக்கு மூச்சு வாங்கினால் காக் பக்கத்தில் வந்து, “பெலான் பெலான்,” மெதுவாக, மெதுவாக என்பார். யாரும் பதறமாட்டார்கள். அது எனக்குப் புதிது. வீட்டில் அக்கா பதறுவாள், அவள் பதறுவதைப் பார்த்து நான் பதறுவேன்.

ஒரு வழக்கம் இருந்தது. நிலைமை மோசமானால் கூப்பிடுவதற்கென்று ஒவ்வொருவரும் இன்னொருவரின் எண்ணை வைத்திருக்க வேண்டும். அண்ணன் என் எண்ணைக் கேட்டார். கொடுத்த நிமிடத்திலிருந்து எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. அவர் கூப்பிட்டு நான் எடுக்காமல் போனால்? எடுத்து, தப்பாக ஏதாவது சொல்லிவிட்டால்? குளிக்கப் போனாலும் கைப்பேசியைக் குளியலறை வாசலில் வைத்துவிட்டுப் போனேன். மாதங்கள் போயின. அவர் கூப்பிடவே இல்லை. அதற்கும் கவலைப்பட்டேன்.

ஆண்டின் நடுவில் இரண்டு சனிக்கிழமை அவர் வரவில்லை. அடுத்த வாரம் ஒரு காலை, வெயில் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் கைப்பேசி அடித்தது.

“தங்கச்சி, நான் தங்காக் டவுன்ல இருக்கேன். துணிக்கடைக்கு வந்தேன். இங்க எல்லாரும் என்னைப் பத்தியே பேசுறாங்க. கடை ரேடியோல கூட.”

“வீட்டுக்குத் தெரியுமாண்ணே?”

“தெரியாது. சொல்லிடாதே.”

“எந்தக் கடை? அங்கேயே உக்காருங்க. எங்கேயும் போகாதீங்க.”

வைத்ததும் காக்குக்குப் போன் செய்தேன். அடுப்படியில் இருந்திருப்பார், எடுக்கவில்லை. குரல்செய்தி அனுப்பினேன். அண்ணனுடைய அக்காவின் எண் என்னிடம் இல்லை. என் அக்கா வேலைக்குப் போயிருந்தாள். கிராப் டாக்சி கூப்பிடலாம் என்று தோன்றியது. ஆனால் தெரியாத ஒருவரின் காரில், கதவைச் சாத்திக்கொண்டு, வழியில் மூச்சு முட்டினால் என்ன சொல்லி இறங்குவது? பஸ் என்றால் மணியை அடித்துவிட்டு இறங்கிவிடலாம். நான் பஸ் ஏறி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ஏறினேன். எப்படி ஏறினேன் என்று இப்போது கேட்டாலும் தெரியாது. டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து முன்கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஊரைத் தாண்டும் முன்பே நெஞ்சு ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இங்கே இறங்கிவிடு, இங்கே இறங்கிவிடு என்றது. இறங்கினால் அவர் அங்கே தனியாக இருப்பார் என்று அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே போனேன். தைரியம் என்று அதைச் சொல்லமாட்டேன். இரண்டு பயங்களில் அவர் ரோட்டில் இறங்கிவிடுவாரோ என்ற பயம் கொஞ்சம் பெரிதாக இருந்தது, அவ்வளவுதான்.

கடை வாசலின் ஐந்தடி நடைபாதையில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். கடைப்பெண் ஒருத்தி தண்ணீர் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சவரம் செய்யாத முகம், தூங்காத கண். மடியில் துணிப்பை. என்னைக் கண்டதும் இரண்டு கைகளையும் நீட்டினார்.

“பாரு தங்கச்சி, நடுக்கம் போயிருச்சு. மாத்திரைய நிறுத்திட்டேன்ல.”

“எதுக்குண்ணே நிறுத்துனீங்க?”

“அக்கா மகளுக்குக் கல்யாணம். நான் தாய்மாமன். சேலை குடுத்து, பொண்ணக் கையப் புடிச்சு மேடைக்குக் கூட்டிட்டுப் போகணும். கை ஆடுனா மாப்பிள்ள வீட்டுக்காரங்க பாப்பாங்கல்ல?” குரலைத் தாழ்த்தினார். “என்னை விட்டுட்டு ஒண்ணுவிட்ட தம்பிய வெச்சு செய்யப் போறாங்களாம். சமையல்கட்டுல பேசிக்கிட்டாங்க. எனக்குச் சொல்லவே இல்ல.”

பையைத் திறந்து காட்டினார். மாம்பழ நிறத்தில் பட்டு, பச்சைக் கரை. நல்ல சேலை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ரேடியோ தன்னைப் பற்றிப் பேசுகிறது என்று சொல்லும் அதே வாய்தான் கல்யாணத்தையும் சொல்கிறது. இதில் எது நடந்தது, எது நோய்? அப்படி ஒரு கல்யாணமே இல்லையென்றால்? கேட்கவும் பயம், நம்பவும் பயம்.

அப்போது காக்கிடமிருந்து செய்தி வந்தது. சீன ஆசிரியரின் காரில் கிளம்பிவிட்டதாகச் சொன்னார்.

“யாருக்கும் சொல்லலையே?” என்றார் அண்ணன், என் கைப்பேசியைப் பார்த்தபடி.

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. “காக் வந்துக்கிட்டு இருக்காங்கண்ணே. ஆஸ்பத்திரிக்குப் போலாம். நானும் வரேன்.”

அவர் முகம் இறுகிப்போனது. “நீயும் அவங்க ஆளுதானா?” என்று முக்காலியைத் திருப்பிப் போட்டு ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தார். எழுந்து ஓடினால் என்னால் பிடிக்க முடியாது. கார்கள் போய்க்கொண்டே இருந்தன. காக் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வந்து இறங்கும்வரை நான் அவர் சட்டையின் பின்புறத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வார்டில் சேர்த்தார்கள். அந்தச் சேலையை அவர் என்னிடம் கொடுக்கவில்லை. காக் வாங்கி, ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்த அவருடைய அக்காவிடம் கொடுத்தார். சேலையைப் பார்த்ததும் அந்த அம்மா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கல்யாணம் உண்மைதான்.

பார்க்கப் போனபோது அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் செய்தது சரியா என்று காக்கிடம் கேட்டேன், மறுவாரமும் கேட்டேன். அவர் சலிக்காமல், தன்னை முதல் முறை வார்டில் சேர்த்த தம்பியிடம் ஒரு வருடம் பேசாமல் இருந்ததைச் சொன்னார். அப்புறம்? அப்புறம் நோன்புப் பெருநாள் வந்தது, பேசினேன் என்றார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. ஒரு வருடமா என்றுதான் நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை அவருடைய அக்கா மாடியேறி வந்தார். குடும்பத்தார் யாரும் அங்கே வருவதில்லை. கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு என்னிடம் தமிழில் பேசினார்.

“நான் கெட்டவ இல்லம்மா. இவனால ரெண்டு சம்பந்தம் கலைஞ்சு போச்சு. இப்ப வந்திருக்கிற மாப்பிள்ள வீடு பொந்தியான் ஊரு, நல்ல குடும்பம். இதுவும் போயிருச்சுன்னா எம்பொண்ணு என்னை மன்னிப்பாளா?”

நான் அதை மலாயில் சொன்னேன். யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. சீன ஆசிரியர் எழுந்து போய் அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொண்டுவந்தார். காக் ஒன்றே ஒன்று கேட்டார். உங்கள் தம்பி இந்தக் கல்யாணத்துக்கு வரலாமா?

அந்த அம்மா தேநீரைக் கீழே வைத்தார். “வரட்டும். மேடைக்கு வேணாம். கூட யாராவது இருந்தா…”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

புது மாத்திரையில் நடுக்கம் குறைந்தது, முழுக்கப் போகவில்லை. கோயில் மண்டபத்தில் பின்வரிசையில் அவர் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். இஸ்திரி போட்ட சட்டை, வேட்டி, பளிச்சென்ற சவரம். என்னிடம் இன்னும் பேசவில்லை. திடீரென்று எழுந்து மேடைக்குப் போய்விடுவாரோ, மைக்கில் தன்னைப் பற்றிச் சொல்வது காதில் விழுந்துவிடுமோ, மாப்பிள்ளை வீட்டார் திரும்பிப் பார்க்கிறார்களோ என்று அவர் முழங்காலையே கவனித்துக்கொண்டிருந்தேன். தாம்பாளம் வந்தது. அதில் மாம்பழ நிறச் சேலை. ஒன்றுவிட்ட தம்பி அதைப் பெண்ணின் கையில் கொடுத்தார்.

“அது என் சேலை,” என்றார் அண்ணன், எனக்கு மட்டும் கேட்கும்படி.

கெட்டிமேளம் முழங்கியது. எல்லாரும் எழுந்தார்கள், கூட்டம் நெருக்கியது, எனக்கு நெஞ்சு பிடித்துக்கொண்டது. கதவு எங்கேயோ இருந்தது.

“வெளிய போலாமா?” என்றார் அண்ணன்.

தலையாட்டினேன், வேண்டாம் என்று.

“அப்ப மெதுவா மூச்ச விடு. பெலான் பெலான் லா.” சொல்லிவிட்டு அட்சதையைத் தூவினார். கை ஆடியது. பாதி அரிசி முன்வரிசைப் பெண்ணின் கொண்டையில் விழுந்தது. அவள் திரும்பிச் சிரித்தாள்.

சாப்பாட்டு மேசையில்தான் நான் பயந்தது வந்தது. மாப்பிள்ளையின் அத்தை என்று சொல்லிக்கொண்டு ஒரு அம்மா எதிரில் உட்கார்ந்து அண்ணனிடம் கேட்டார்: “நீங்க பொண்ணுக்கு என்ன வேணும்?”

அண்ணன் தன் அக்காவைப் பார்த்தார். அவர் பக்கத்து மேசையில் பாயாசம் ஊற்றிக்கொண்டிருந்தார். கரண்டி நின்றது. தூரத்துச் சொந்தம் என்று நானே சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தேன்.

“என் தம்பி,” என்றார் அந்த அம்மா. “கூடப் பொறந்தவன்.”

“அப்ப தாய்மாமன் இவங்கதானா? மேடையில காணோமே?”

“ஆஸ்பத்திரில இருந்துட்டு இப்பதான் வந்தான். மன நோய். மாத்திரை சாப்டுறான், இப்ப நல்லா இருக்கான்.” சொல்லிவிட்டுத் தம்பியின் கப்பில் பாயாசத்தை ஊற்றினார். கொஞ்சம் சிந்தியது.

அத்தை, “ஓ,” என்றார். அண்ணனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அப்பளம் கேட்டு வாங்கிக்கொண்டார். நான் எதுவும் சாப்பிடவில்லை.

அடுத்த சனிக்கிழமை காக் ஆவலாகக் கேட்டார், கல்யாணம் எப்படி என்று. அண்ணன் யோசித்தார். “சாப்பாடு பரவால்ல. ரசத்துல உப்பு ஜாஸ்தி,” என்றார். நான் மலாயில் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், என்னைப் பார்த்தே. நானும் சிரித்தேன். ஆனால் பொந்தியானிலிருந்து யாராவது போன் செய்தார்களா, பெண் அங்கே நன்றாக இருக்கிறாளா என்று அவரிடம் எப்போது கேட்பது, எப்படிக் கேட்பது என்றே கூட்டம் முடியும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.