கடைசியாக எதற்குச் சண்டை போட்டீர்கள்?

தெய்வயானை வியட்நாமின் தூ டுக்குக்கு வந்த நாளிலிருந்து வாய் திறந்து சொன்னதில் பாதிக்குமேல் ‘சரிங்க’தான். இத்தனைக்கும் அவள் பூனைக்குட்டியாக வளர்ந்தவள் இல்லை. தேவகோட்டையில் பல் டாக்டராக இருந்தபோது, வாயைத் திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்த பெரிய மனிதர்களையெல்லாம் ஒரே அதட்டில் திறக்க வைத்தவள். இப்போது அவள் வாய்க்கே பூட்டு.

பூட்டைப் போட்டது ஒரு கார்டு. கணவன் சிவசுப்பிரமணியன் அமெரிக்கக் குடிமகன், ஹூஸ்டனில் எஞ்சினீயர். அவனைக் கட்டியதால் அவளுக்கு கிரீன் கார்டு கிடைத்தது. ஆனால் அது நிபந்தனைக் கார்டு, இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும். அது முடிவதற்குள் இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, இது நிஜக் கல்யாணம்தான் என்று காட்டி மனுக் கொடுக்க வேண்டும். கார்டு வந்த ஐந்தாறு மாதத்தில் கம்பெனி அவனை ஒன்றரை வருட வேலையாக சைகோன் நகரின் தூ டுக் பகுதிக்கு அனுப்பியது. அவளும் கூட வந்தாள். ஹூஸ்டன் வீட்டை விடவில்லை, வரியை ஒழுங்காகக் கட்டினார்கள், திரும்பிப் போவதற்கான அனுமதியும் வாங்கி வைத்திருந்தார்கள். அங்கே பல் மருத்துவக் கல்லூரியில் அவளுக்கு ஓர் இடமும் காத்திருந்தது. கார்டு போனால் அதுவும் போச்சு.

“கையெழுத்து அவுக கையில இருக்கு ஆத்தா. நாளைக்கு அவுகளுக்குக் கோவம் வந்து, போட மாட்டேன்னுட்டா?” என்று போனில் ஒருநாள் அழுதாள்.

“அப்ப கோவம் வராமப் பாத்துக்க. கார்டு கெட்டியாகுற வரைக்கும் வாயத் தொறக்காத” என்றாள் தாய்.

பெற்றவள் நல்லதற்குத்தான் சொன்னாள். மகளோ அதை மந்திரமாகவே பிடித்துக்கொண்டாள். கன்டெய்னர் லாரிகள் இரவெல்லாம் உறுமும் நெடுஞ்சாலை ஓரமாக அவன் வீடு பார்த்தான். சரிங்க. கொட்டும் மழையில் கோயிலுக்கு பைக்கிலேயே போகலாம் என்றான். சரிங்க. வெள்ளிக்கிழமை தவறாமல் ஆபீஸ் ஆட்களைச் சாப்பிட அழைத்து வந்தான். அதற்கும் சரிங்க. அவன் கெட்டவன் இல்லை, பாவம். கேட்டதற்கெல்லாம் சரி சொல்லும் மனைவி கிடைத்த அதிர்ஷ்டசாலி என்று நினைத்துக்கொண்டிருந்தான். அவளோ அவன் புருவம் சுருங்கினாலே அடுத்த ‘சரிங்க’வைத் தயாராக வைத்திருந்தாள்.

மனுவை அனுப்ப வேண்டிய மாதம் வந்தது. ஹூஸ்டன் வக்கீல் ஐரேன் காரைக்கால் பூர்வீகம், நன்றாகத் தமிழ் பேசுவாள். ஞாயிறு காலை வீடியோவில் வந்து காகிதங்களைச் சரிபார்த்தாள். எல்லாம் இருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி.

“இன்டர்வியூக்குக் கூப்பிட்டாலும் கூப்பிடுவாங்க. ஒரு சின்ன ஒத்திகை பாத்துடலாமா? கடைசியா ரெண்டு பேரும் எதுக்குச் சண்டை போட்டீங்க?”

சிவசுப்பிரமணியன் சிரித்தான். “எங்களுக்குள்ள சண்டையே வந்ததில்ல மேடம். ஒரு தடவகூட.”

ஐரேன் சிரிக்கவில்லை. “ஒரு தடவகூடவா? சார், எங்கிட்டயே அது எழுதி வச்சுப் படிச்ச மாதிரி இருக்கு. ஆபீசர் எப்படி நம்புவாரு?”

“நிஜமா மேடம். இப்பகூட இன்னொரு வருஷம் இங்கயே இருக்கேன்னு கம்பெனிக்குச் சொல்லிட்டேன். தெய்வாவும் சரின்னுட்டா.”

“என்னது?” ஐரேனின் குரல் உயர்ந்தது. “தற்காலிகமாத்தான் வெளிய இருக்கோம், இந்தத் தேதியில திரும்பிடுவோம்னு கம்பெனி கடிதத்த வச்சு எழுதியிருக்கோம். தேதி மாறினா, வீட்டம்மா அமெரிக்காவ விட்டே போயிட்டாங்களான்னு கேப்பாங்க. அவங்களுக்கு நெஜமாவே சம்மதமா?”

தெய்வயானைக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. நேற்று சமையலறையில் ஏதோ கேட்டான், வழக்கம்போல ஏதோ சொன்னாள். அந்த ஒரு சொல்லால் கல்லூரியும் கார்டும் கைநழுவப் போகின்றன.

“எனக்குச் சம்மதமில்ல!” என்று கத்தினாள். அந்தக் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. “இந்த லாரிச் சத்தத்துல ஒருநாளாவது நான் தூங்கியிருப்பேனா? ஒருநாளாவது கேட்டீகளா? எல்லாத்தையும் நீங்களே முடிவு பண்ணிட்டு வந்து சொல்லுவீக. கையெழுத்துப் போடாம விட்டுருவீகளோன்னு நானும் எல்லாத்துக்கும் மண்டைய ஆட்டிக்கிட்டுத் திரியுறேன்!”

ஐரேன் நாசூக்காக, “அப்புறம் பேசலாம்” என்று திரையிலிருந்து போனாள்.

சிவசுப்பிரமணியன் லேப்டாப்பை மூடினான். முகம் வெளிறியிருந்தது. “அப்ப இத்தன நாளா எங்கிட்டப் பேசுனதெல்லாம் இந்தக் கார்டுக்காகவா?”

இல்லை என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. “பாதி” என்றாள்.

அவன் எழுந்துபோய்ப் பேனாவை எடுத்து வந்தான். போட வேண்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டு, தேதி எழுதி, காகிதங்களை அவள் பக்கம் தள்ளினான்.

“நாளைக்குக் கம்பெனில வேணாம்னு சொல்லிடறேன். ஹூஸ்டனுக்கே போவோம். இப்ப எங்கிட்டப் பயப்பட ஒண்ணும் இல்ல. வேற என்னல்லாம் பிடிக்கல, சொல்லு.”

“கோவிக்க மாட்டீகளே?”

“கோவிப்பேன்” என்றான் அவன். “சொல்லு.”